ஹாலை இடிப்பதா, காப்பதா?

(தாதரில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ஹாலை இடிப்பதா, காப்பதா?' பத்து நிமிஷம் பேசினால் போதும் என்றார். ரிட்டயரான அரசாங்க அதிகாரியிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் என்று சொல்கிறார் என்றால், அவருக்கு மனிதர்கள்மீது எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பக்கத்து சொசைட்டி ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது. அவர்களுடைய மனையோடு நம்முடைய மனையும் சேர்ந்தால் பெரிய கட்டடமாக எழுப்பலாம் என்று பில்டர் நமக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். புது ஹால், ஏ.சி., லிஃப்ட், கார் நிறுத்த இடம், அதோடு ஒரு கார்பஸ் தொகை. கமிட்டியில் ஒரு சாரார் நாளைக்கே கையெழுத்துப் போடலாம் என்கிறார்கள். இன்னொரு சாரார், நமக்குப் பூணூல் நடந்த ஹால், இடிக்க விடமாட்டோம் என்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் எனக்கு வேண்டியவர்களே. ஆனால் இரண்டு பக்கமும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இடித்த பிறகு வரும் ஹால் யாருடையது, எந்தக் காகிதத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்பதே அது. இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரீடெவலப்மென்ட் என்றாலே பாவம் என்று நினைப்பவன் இல்லை நான். வொர்லியிலும், இதோ நமக்குப் பக்கத்தில் நாய்காவிலும் இருக்கும் பி.டி.டி. சால்கள் 1920-களில் கட்டியவை. 160 சதுர அடி அறையில், தளத்துக்குப் பொதுவான கழிப்பறையோடு மூன்று தலைமுறை அங்கே வாழ்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீட்டின் சாவி கிடைத்தது. அந்தச் சாவியை வாங்கிய பாட்டியிடம் போய், பழைய கட்டடத்தைக் காத்திருக்க வேண்டும் அம்மா என்று யாராவது சொல்ல முடியுமா?

வீடு என்றால் கணக்கு சுலபம். 160 போய் 500 வந்தது, யார் பெயரில் வந்தது என்பதும் தெரியும். பொது ஹால் என்றால் கணக்கு அப்படி இல்லை. அது எல்லோருக்கும் சொந்தம். அதனாலேயே கையெழுத்துப் போடும் நேரத்தில் அதற்காகப் பேச ஆள் இருப்பதில்லை.

நாம் கண்ட நான்கு ஹால்கள்

நம் கண்ணெதிரிலேயே பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, நாம் எல்லோரும் கச்சேரி கேட்ட ஷண்முகானந்தா. 1952-ல் தொடங்கிய சபை 1963-ல் கட்டிய மண்டபம். 1990-ல் தீ விபத்தில் எரிந்துபோனது. அன்று அந்தப் பக்கம் போய் நின்றவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். எட்டு வருஷம் கழித்து 1998-ல் காஞ்சி மகா பெரியவாளின் திருநாமத்தைத் தாங்கி அதே இடத்தில், அதே சபையின் மண்டபமாக மறுபடி எழுந்தது. இன்று அதில் 2,763 இருக்கைகள். பழைய சுவர் ஒன்றுகூட இல்லாவிட்டாலும், ஷண்முகானந்தா போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே, சுவர் போனால் எல்லாம் போய்விடும் என்ற வாதம் முழு உண்மை இல்லை.

இரண்டாவது, பரேலில் உள்ள தாமோதர் நாட்டியகிருஹம். நா. ம. ஜோஷி 1911-ல் நிறுவிய சோஷியல் சர்வீஸ் லீக்கின் அரங்கு, 1922-ல் வந்தது. மில் தொழிலாளிகள் நாடகம் போட்டும் நாடகம் பார்த்தும் வளர்ந்த இடம். ரீடெவலப்மென்ட்டுக்காக 2023 நவம்பரில் மூடினார்கள். மராத்தி நாடகக் கலைஞர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். டிசம்பரில் மாநில அரசு வேலையை நிறுத்தி வைத்தது. அவர்கள் பழைய கட்டடத்தை மியூசியமாக வைக்கச் சொல்லவில்லை. முன்பு இருந்த அளவுக்கு நாடக அரங்கு எங்களுக்குத் திரும்ப வருமா, அதை முதலில் சொல்லுங்கள் என்றார்கள். நூறு வருஷ அரங்கைப் பூட்டிய பிறகு இந்தக் கேள்வி எழுகிறது என்றால், பூட்டுவதற்கு முன்னால் அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்படி இல்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது நம் தாதரிலேயே நடந்தது. கோகுல்தாஸ் பாஸ்தா சந்தில் இருந்த அம்பேத்கர் பவன், 2016 ஜூன் 25 அன்று விடிவதற்கு முன் இடிக்கப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் நடத்திய அச்சகமும் அந்த வளாகத்தில் இருந்தது. கட்டடம் அபாயகரமானது என்ற நோட்டீஸ் இருந்தது, பதினேழு மாடிக்குத் திட்டம் இருந்தது, இடிக்க ஏற்பாடு செய்தது இடத்துக்குச் சொந்தமான டிரஸ்ட்டின் தரப்பே. ஆனாலும் ஜூலை 19 அன்று கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்வலம் போனார்கள். யார் பக்கம் சட்டம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பொதுக் கட்டடத்தை அதன் ஜனங்களுக்குச் சொல்லாமல் ராத்திரியில் இடித்தால், அதன்பின் எத்தனை மாடி கட்டினாலும் அந்த மனக்காயம் ஆறாது. இது எந்தச் சமூகத்துக்கும் பொருந்தும், நமக்கும்தான்.

நான்காவது சென்னையில். அன்னி பெசன்ட் அம்மையார் 1914-ல் நிறுவிய இளைஞர் சங்கத்தின் கட்டடம், ஆர்மீனியன் தெருவில் உள்ள கோகலே ஹால். ஹோம் ரூல் காலத்தில் பெரிய பேச்சுக்கள் நடந்த இடம், பின்னாளில் கச்சேரிகளும் நடந்த இடம். இதை இடிக்கத் தொடங்கியது யார் தெரியுமா? வெளியிலிருந்து வந்த எவரும் இல்லை, ஹாலை வைத்திருந்த சங்கமேதான். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பு கோர்ட்டுக்குப் போய் நிறுத்தியது. நிறுத்தியதோடு கதை முடியவில்லை. பாதி இடித்த நிலையில் பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. இடிக்கவும் இல்லை, காக்கவும் இல்லை. உணர்ச்சி வேகத்தில் ஸ்டே வாங்கிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

கான்கிரீட்டிடம் கேளுங்கள்

சரி, நம் ஹாலுக்கு வருவோம். இடிக்க வேண்டுமா என்பதை முதலில் கட்டடத்திடமே கேட்க வேண்டும். நம் அபிப்பிராயம் அப்புறம்.

கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல கான்கிரீட்டுக்குச் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை உண்டு, பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் நிற்கும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். 9-க்குப் பக்கத்தில் வந்தால் படலம் போய்விடும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும், கான்கிரீட் பிளக்கும். கடற்காற்றின் உப்பு இதை இன்னும் வேகப்படுத்தும். பம்பாயில் சீலிங் பெயர்ந்து விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய பரிசோதனை ஒன்று உண்டு. காலேஜ் லேபில் நாம் பிடித்து விளையாடிய பினாப்தலீன்தான். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் அதைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் ரோஜா நிறமாகும். செத்துப்போன இடம் நிறம் மாறாது. சென்ற மாதம் முதல் கட்ட ஆய்வுக்கு வந்த இன்ஜினீயர் நம் ஹாலில் இதைச் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். தூண்களில் மேலாக ஒரு விரற்கடைக்குள்ளேயே ரோஜா நிறம் வந்துவிட்டது. மொட்டை மாடித் தளத்தில், தண்ணீர் கசியும் மூலையில் வரவில்லை. இது முடிவான அறிக்கை இல்லை. ஆனால், 'கட்டடம் எந்த நிமிஷமும் விழும்' என்று சொல்பவர்களும், 'இன்னும் நூறு வருஷம் நிற்கும்' என்று சொல்பவர்களும் சற்றுப் பொறுக்கலாம் என்பதற்குப் போதும்.

முப்பது வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்ய வேண்டும் என்று மும்பை முனிசிபல் சட்டத்தின் 353-பி பிரிவு சொல்கிறது. அதன்மேல் மாநகராட்சி வகைப்படுத்துகிறது. சி-1 என்றால் காலி செய்து இடிக்க வேண்டியது. சி-2 என்றால் பெரிய ரிப்பேர், சி-3 என்றால் சின்ன ரிப்பேர். இரண்டு அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவிடம் போகலாம். என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆடிட் செய்பவரை நாம் நியமிக்க வேண்டும், அவருக்கு நாம் பணம் கொடுக்க வேண்டும். பில்டர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்றால் இரு கையும் கூப்பி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரிப்பேர் செய்து காப்பது நடக்காத காரியம் இல்லை. பிரபாதேவியில் ரவீந்திர நாட்டிய மந்திரைப் புதுப்பிக்க மூடி வைத்து, 2025 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்.

நான் செய்த தவறு

இதுவரை மற்றவர்கள் கதை சொன்னேன். இனி என் கதை.

பல வருஷங்களுக்கு முன் வேறொரு பேட்டையில் ஒரு சிறு சபையின் கமிட்டியில் இருந்தேன். சபையின் பெயரும் வேண்டாம், பில்டர் பெயரும் வேண்டாம். தரைத் தளத்தில் ஓடு போட்ட ஹால். வாரம் ஒரு நாள் விஷ்ணு சஹஸ்ரநாமம், வருஷத்துக்கு ஒரு ராதா கல்யாணம், ஆவணி அவிட்டம், அவ்வப்போது சீமந்தம், பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம். கட்டடம் உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது. ஆய்வு அறிக்கையைப் படித்துப் பார்த்து, இடிப்பதே சரி என்று கமிட்டிக்கு எடுத்துச் சொன்னவன் நான். அது தவறு இல்லை. இன்றும் அதையே சொல்வேன்.

தவறு ஒப்பந்தத்தில். 'சபைக்குச் சமூகக் கூடம் வழங்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. எந்த மாடி, எத்தனை சதுர அடி, யார் பெயரில், மாதப் பராமரிப்பு யார் தலையில் என்று ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன் நான். கீழே வேலை செய்தவர் இப்படி ஒரு நோட் எழுதி அனுப்பியிருந்தால் சிவப்பு மையில் நான்கு கேள்வி எழுதித் திருப்பியிருப்பேன். ஆனால் அன்று பில்டர் காட்டிய கலர் படத்தில் ஹால் வாசலில் வாழைமரம்கூடக் கட்டியிருந்தது. பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

சொன்ன காலத்தைவிட மிகவும் தாமதமாகக் கட்டடம் வந்தது. கூடமும் வந்தது. ஏழாவது மாடியில், கார் நிறுத்தும் தளங்களுக்கு மேல். அது பிளாட்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான வசதி என்று காகிதத்தில் இருந்தது. ஆகவே அவர்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு முன்னுரிமை. நமக்குக் காலி இருந்தால், வாடகைக்கு. முதல் கணபதி ஹோமத்தில் புகை எழும்பியதும் தீ அலாரம் அடித்து, செக்யூரிட்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அதன்பின் ஹோமம் கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள். அவர்கள்மீது குற்றம் இல்லை. அவர்கள் விதி அது.

சஹஸ்ரநாமத்துக்கு வாரம் தவறாமல் வரும் ஒரு மாமி இருந்தார். எண்பதை நெருங்கும் வயது. காய்கறிப் பையோடு வருவார், பாராயணம் முடிந்து வெளியே வந்து மார்க்கெட்டுக்குப் போவார். புது ஹாலுக்கு இரண்டு முறை வந்தார். அப்புறம் வரவில்லை. வழியில் பார்த்துக் கேட்டேன். "ஹாலெல்லாம் ஜோரா இருக்கு மாமா. ஆனா கீழே ரிஜிஸ்டர்ல பேர் எழுதி, போட்டோ எடுத்துண்டு, லிஃப்ட்ல யாராவது பொத்தானை அமுக்கித் தரணும். நம்மாத்துக்குப் போற மாதிரி இல்லையே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் 'தரைத் தளம்' என்ற இரண்டு சொல்லை எழுதியிருந்தால் அந்த மாமி கடைசிவரை வந்திருப்பார். எழுதாமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

எழுத வேண்டியவை

அதனால் இப்போது என்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இது நம் தாதர் ஹாலுக்கு மட்டும் இல்லை, வெளியூரில் இருந்து இதைப் படிக்கும் உறுப்பினர்களுக்கும்தான்.

ஒன்று: சட்டம். பக்கத்து சொசைட்டி 79-ஏ பிரிவின்கீழ் வந்த 2019-ஆம் வருஷ உத்தரவுப்படி, மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதம் சம்மதித்தால் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகலாம். அந்த அவசரம் அவர்களுடையது. நாம் பொது டிரஸ்ட். மகாராஷ்டிரா பொது டிரஸ்ட் சட்டம், 36-ஆவது பிரிவுப்படி, சொத்தை விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, இப்படிப்பட்ட கட்டடத்தை மூன்று வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். கமிட்டி கையெழுத்து மட்டும் போதாது. இது தடங்கல் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நமக்காகப் போட்டு வைத்திருக்கும் வேலி அது.

இரண்டு: உரிமை. புது ஹால் டிரஸ்ட்டின் பெயரில் பதிவாக வேண்டும். 'உபயோகிக்க அனுமதி' என்ற சொல் எங்கே வந்தாலும் பேனாவை மூடி வையுங்கள்.

மூன்று: அளவு. கார்பெட் ஏரியா, தரைத் தளம், தெருவிலிருந்து தனி வாசல், நடுவில் தூண் இல்லாத இடம், கூரையின் உயரம் எல்லாம் வரைபடத்தோடு வேண்டும். உயரம் எதற்கு என்றால், 1890-களில் ஹார்வர்டில் சபீன் என்ற பேராசிரியர் ஒரு லெக்சர் ஹாலை ஆராய்ந்து, ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பது அறையின் கன அளவையும், ஒலியை உறிஞ்சும் பரப்பையும் பொறுத்தது என்று காட்டினார். நம் ஹாலில் மைக் இல்லாமலேயே பஜனை கடைசி வரிசைவரை கேட்கிறதே, அதில் பாதி அந்தக் கூரையின் தயவு. பிளாட் உயரத்தில் ஹால் கட்டினால் அது கிடைக்காது.

நான்கு: ஹோமப் புகை வெளியேற ஏற்பாடு, பெரிய பாத்திரம் கழுவும் அளவுக்குச் சமையலறை, கீழே உட்கார முடியாதவர்களுக்கும் வசதி. இவற்றை இன்றே தீ பாதுகாப்பு விதிகளோடு பொருந்தும்படி வடிவமைக்கச் சொல்ல வேண்டும். கட்டி முடித்த பிறகு முடியாது.

ஐந்து: இடைக்காலத்தில் எங்கே நடத்துவோம், தாமதமானால் என்ன, பில்டர் பாதியில் போனால் என்ன. பேங்க் கேரண்டி இல்லாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. கார்பஸ் வட்டி, மாதப் பராமரிப்புக்கு எட்டுமா என்று கணக்குப் போட வேண்டும். எட்டாவிட்டால் வாடகை ஏறும். ஏறினால், சுபஸ்வீகாரத்துக்கு ஹால் கேட்டு வரும் நடுத்தரக் குடும்பம் திரும்பிப் போகும்.

இந்த ஐந்தும் கிடைத்து, ஆடிட்டும் சி-1 என்று வந்தால், இடிப்பதற்கு என் ஓட்டு. என் பிள்ளையின் உபநயனம் நடந்த இடம்தான். ஆனாலும் கை தூக்குவேன். ஆடிட் சி-2 என்று வந்தாலோ, ஐந்தில் ஒன்று குறைந்தாலோ, ரிப்பேர் நிதிக்கு முதல் ரசீது என் பெயரில் போடுங்கள்.

கடைசியாக இன்னொன்று. பெரிய கல்யாணங்கள் நம் ஹாலை விட்டு எப்போதோ போய்விட்டன. இன்று இங்கே வருவது சிறு விசேஷங்கள், பாராயணம், பாட்டு வகுப்பு, அக்கம்பக்கத்து மராட்டியர்களின் ஹல்தி-குங்குமம். தாராவியில் நம் தமிழ் மக்களின் சிறு கோவில்கள், சங்கக் கட்டடங்கள் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது. நாம் ஒழுங்காக எழுதி வாங்கினால் அந்தக் காகிதத்தை அவர்களுக்கும் மாதிரியாகக் கொடுக்கலாம். ஹாலைக் காக்க வேண்டும் என்று இன்று உரக்கப் பேசுபவர்கள், அடுத்த வாரப் பாராயணத்துக்கு வந்து பாயில் உட்கார வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேர்கூட வராத ஹாலுக்காக எந்தக் கமிஷனரிடமும் வாதாட முடியாது.

வெளியூர் உறுப்பினர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர்ச் சங்க ஹாலின் பத்திரம் எந்தப் பீரோவில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பில்டர் கடிதம் வருவதற்கு முன்னால் பார்ப்பது நல்லது.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார்.